தேடல் கருவிக்காகப் போன மூன்று ஞாயிறுகள்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் எட்டு பழைய கணினிகள், 4 ஜிபி ரேம். லினக்ஸும், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச் சூழலும் போட்டது ஒரே நாள் வேலை. "பைல் பேரு ஞாபகம் இல்லண்ணே, உள்ள இருக்கற வார்த்தைய வச்சுத் தேடணும்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கேட்ஃபிஷ் என்ற தேடல் கருவி, பெயரை வைத்துத் தேட அருமை. உள்ளே தேடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கோப்புகளைப் புதிதாகப் படிக்கும். பிலொகேட் என்ற இன்னொரு கருவி, கோப்பின் பெயரோடு சரி. அதனால், உள்ளே இருக்கும் சொற்களை முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துத் தேடும் ரீகால்தான் என்று முடிவு செய்து, எட்டிலும் கோப்பு மாறியதும் உடனுக்குடன் அட்டவணையிடும்படி வைத்தேன்.

அடுத்த வாரம் போனால், புதிதாகச் சேர்த்த வினாத்தாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கருவிதான் மோசம் என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி நிறுவியதில் ஒரு ஞாயிறு வீண். காரணம் வேறு: கோப்புகள் எல்லாம் முன் மேசைக் கணினியில் இருந்தன, என்எஃப்எஸ் என்ற வலையமைப்புப் பகிர்வு முறை வழியாக மற்றவற்றுக்குப் பகிரப்பட்டிருந்தன. கோப்பு மாறினால் ரீகாலுக்குச் சொல்வது லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதி; வேறு கணினியில் நடக்கும் மாற்றத்தை இங்கிருக்கும் ஐநோட்டிஃபை அறியாது! இப்போது முன் மேசைக் கணினி மட்டும் இரவு 9 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் மூலம் அட்டவணை போடுகிறது. மற்றவை அதையே வெளி அட்டவணையாகப் படிக்கின்றன. கோப்புறையின் பாதை எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முடிவு தெரியும், கோப்பு திறக்காது.

அப்புறம் தமிழ். நாற்பது பிடிஎஃப் இருந்தும் 'பாசனம்' என்று தேடினால் பூஜ்யம். ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பார்த்தேன்: ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துரு! கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வேறு. எந்தக் கருவியையும் குறை சொல்லும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்குவது ஓசிஆர். அதைப் பிடிஎஃப்புக்குச் செய்யும் ஓசிஆர்மைபிடிஎஃப் கருவியில், டெசராக்ட் என்ற எழுத்தறி மென்பொருளின் தமிழ்த் தரவைப் போட்டு ஓட்டினேன். ஏற்கெனவே உரை இருக்கிறதென்று மறுத்துவிட்டது. கட்டாய ஓசிஆர் விருப்பம் கொடுத்தால்தான் பக்கத்தைப் படமாக்கி மறுபடி படிக்கும். பழைய கணினியில் மெதுவாகத்தான் ஓடும், இரவில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: 'பாசனம்' என்று தேடினால் 'பாசனத்துக்கு' வராது. 'பாசன*' என்று உடுக்குறி போட வேண்டும். இதை அட்டையில் எழுதி ஒவ்வொரு திரைக்கும் மேலே ஒட்டியிருக்கிறேன்.

நேற்று பத்தாம் வகுப்புப் பெண் அப்படித் தட்டியதும் 27 கோப்புகள் வந்தன. என் பக்கம் திரும்பி, "அண்ணே, வந்துருச்சு!" என்றாள். இன்னும் பதினைந்து பிடிஎஃப்புக்கு ஓசிஆர் பாக்கி.