ஏழாம் எண்

"இதுல ஒரு படி மட்டும் விட்டுட்டுப் போங்க சார்" என்று அந்த அம்மா கேட்டபோது நான் ராகி எடையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்கம்மா, இது இன்னும் ரகமா வரலை. கொடுக்க முடியாது."

"ரகமா ஆவாமலேதான் எங்க கொல்லையில வெளஞ்சிதா?"

கூட வந்த பையன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். மூட்டையைக் கட்டி வண்டியில் ஏற்றினோம். நடந்தது அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, கிளம்பும்போது மோர்கூடக் கொடுத்தார். இருந்தும் பென்னாகரம் ரோட்டில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு புதுப் பதில் தோன்றுகிறது. கொஞ்ச தூரம் போனதும் அதுவும் சரியில்லை என்று படுகிறது.

விதையை விவசாயி கொல்லையில் சோதித்துப் பார்க்கிற ராகித் திடல் போடுகிறவர்களுக்கு நடைமுறை தெரியும். வெளியிட்ட ரகம் என்றால் விளைந்தது விவசாயிக்கே. இன்னும் சோதனையிலேயே இருக்கிற, வெளியிடாத கல்ச்சர் என்றால் எங்கள் இடத்து வழக்கம் வேறு: ஓர வரிசைகளை ஒதுக்கிவிட்டுக் கதிர் கொய்து, காயவைத்து, அடித்து, எடை போட்டு, அதற்குண்டான பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு மொத்தத்தையும் எடுத்து வந்துவிடுவோம். ஒப்புதல் படிவத்தில் இது ஒரு வரியாக இருக்கிறது. அந்த அம்மா கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துப் பார்த்துப் போட்டாரா என்று கேட்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

விதி வீம்புக்காகப் போட்டதில்லை. ராகிக்கு எமன் குலைநோய். இலையில் வந்தால் பயிர் எப்படியோ தேறிவிடும். கழுத்தில் வந்தால் கதிருக்குக் கீழே தண்டு கறுத்து மணி பிடிக்காமல் பதராகிவிடும். ஒரு பருவம் அருமையாக நின்ற கல்ச்சர், அடுத்த பருவம் கதிர் வரும் நேரத்தில் பனியும் தூறலுமாக இருந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பல பருவம், பல இடம் என்று சோதிக்கிறோம். போதாக்குறைக்கு ராகி தன் மகரந்தத்திலேயே கருவுறுகிற பயிர். அயல் கலப்பு ஒரு சதவீதம்கூட இருக்காது. வீரிய ஒட்டு மாதிரி அடுத்த ஆண்டே குணம் மாறிக் கைவிட்டுப்போகாது, அப்படியே முளைக்கும். ஆயிரம் மணி சேர்ந்தால் சுமார் மூன்று கிராம். நாற்று விட்டு நட்டால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும். ஒரு படி போனால் மூன்று ஆடியில் ஊர் முழுக்கப் போய்விடும். அப்புறம் ஒரு வருஷம் நோய் வந்தால் "அந்த ஆபீஸ் சார் கொடுத்த விதை" என்றுதான் பேசுவார்கள். அந்த அம்மாவைத்தான் முதலில் திட்டுவார்கள்.

இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவர் கேள்வி அப்படியேதான் நின்றிருக்கும்.

எனக்கு உறுத்துவது அவர் கேட்ட நேரம். எங்கள் திடல் ஒவ்வொன்றும் ஒரு சென்ட், அதாவது நாற்பது சதுர மீட்டர். எக்டேருக்குக் கணக்குப் போட 250-ஆல் பெருக்க வேண்டும். களத்தில் நூறு கிராம் சிந்தினால் எக்டேருக்கு 25 கிலோ குறைந்துவிடும். இதை அவரிடம் விளக்கியிருந்தேன். அடித்து முடித்ததும் அவரே உட்கார்ந்து, சாணம் மெழுகிய களத்தின் வெடிப்புகளில் ஒட்டியிருந்த மணிகளை விளக்குமாற்றுக் குச்சியால் நெம்பி எடுத்து, முறத்தில் போட்டு, மண்ணை ஊதிவிட்டுக் குவியலில் சேர்த்தார். எடை போட்டு, நான் எழுதி முடித்த பிறகுதான் ஒரு படி கேட்டார். முன்னாலேயே முந்தானையில் ரெண்டு பிடி முடிந்துகொண்டிருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. விளைச்சல் குறைந்ததாகக் காட்டியிருக்கும், குறிப்புக் கட்டத்தில் நான் மழையைக் காரணமாக எழுதியிருப்பேன். என் கணக்கு கெடக்கூடாது என்று காத்திருந்தவரிடம் கணக்கு முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிட்டோம்.

சரி, அதற்காக விதியை மீறியிருக்க வேண்டுமா? நேர்மையாக நடப்பவர்களுக்கெல்லாம் சோதனை விதையைப் பரிசாகக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்?

நோட்டில் அந்தக் கல்ச்சர் ஏழாம் எண். அந்தக் கொல்லையில் அதுதான் முதலிடம். ஆவணிக் கடைசியில் மழை நின்றுபோய் மற்ற வரிசைகள் இலை சுருட்டிக்கொண்டபோது அது தாக்குப்பிடித்தது. தாளைக்கூட மாடு அதில்தான் முதலில் வாய் வைத்ததாக அந்த அம்மா சொன்னார். படிவத்தில் தாள் எடைக்கு இடம் உண்டு, மாட்டின் அபிப்பிராயத்துக்கு இல்லை. கிணற்றுப் பாசனத் திடல்களிலோ ஏழு தேவைக்கு மேல் தழைத்து, கதிர் முற்றுகிற நேரத்தில் சாய்ந்தது. எல்லா இடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்ததில் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே நட்ட, வெளியிட்ட ரகத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஏழு இல்லை.

சராசரியைத் திட்டுவது சுலபம். ஒரே கொல்லையில் ஒரே பருவம் ஜெயித்தது விதையாலா, மண்ணாலா, போன வருஷம் அந்த மூலையில் ஆட்டுக்கிடை போட்டதாலா என்று யார் பிரித்துச் சொல்வது? ஆனால் தமிழ்நாட்டிலேயே ராகி அதிகம் விளைகிற பகுதி எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான், அதில் பெரும்பகுதி மானாவாரி. கிணற்று நிலத்தில் சாய்ந்ததற்காக மானாவாரிக்கு ஏற்ற ஒன்றைத் தள்ளுவதும் சராசரி செய்கிற வேலைதான்.

ராகியே நமக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து வந்த பயிர். எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த விதை. கர்நாடகத்தில் ராகி ஆராய்ச்சியாளர் லட்சுமணய்யா இந்திய ராகியோடு ஆப்பிரிக்க ராகியை ஒட்டித்தான் இண்டாஃப் ரகங்களைக் கொண்டுவந்தார். குலைநோய் தாங்குகிற ஜி.பி.யு. 28 என்ற ரகத்தின் வம்சத்தில் இண்டாஃப் 5, இண்டாஃப் 9 இவற்றோடு ஐ.இ. 1012 என்ற ஆப்பிரிக்க வழியும் உண்டு. அந்த விதைகளெல்லாம் ஏதோ ஒரு களத்தில் யாரோ அள்ளிக் கொடுத்தவை, அவர்களிடம் யாரும் படிவம் நீட்டியிருக்க மாட்டார்கள். இதை மேடையில் சொன்னால் நல்ல கைதட்டு கிடைக்கும். அதற்காக ஏழாம் எண்ணுக்குக் குலைநோய் வராமல் இருக்காது.

மேலதிகாரியிடம் ஒருமுறை மலாவியைப் பற்றிப் பேசினேன். 1990-களின் பிற்பகுதியில் சீக்லிண்ட் ஸ்னாப் என்ற விஞ்ஞானி அங்கே மண்வளத்தைக் கூட்டும் முறைகளைச் சோதிக்கத் 'தாய்–சேய்' திடல் முறையைக் கொண்டுவந்தார். முழுப் பட்டியலும் ஒரு தாய்த் திடலில் இருக்கும். அதில் சிலவற்றை மட்டும் ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்தில், தன் வழக்கப்படி செய்து பார்ப்பார். அந்தந்த நிலத்துக்கு எது பொருந்துகிறது என்று தெரியும். "அங்கே எரு, இங்கே விதை. எரு இருந்த இடத்திலேயே இருக்கும், விதை ஊர் சுற்றும்" என்றார் மேலதிகாரி. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

இப்போதெல்லாம் திடல் கேட்கப் போகும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: விளைந்ததற்குப் பணம் உண்டு, விதை ஒரு மணிகூட மிஞ்சாது. இதுதான் முறை என்று நினைக்கிறேன். ஆனால் மானாவாரிக்காரர்கள் "அப்புறம் எங்களுக்கு என்ன இருக்குது?" என்று பின்வாங்குகிறார்கள். கிணறு உள்ளவர்கள் உடனே சரி என்கிறார்கள். அவர்களுக்குச் சில சென்ட் பெரிதில்லை, ஆபீஸ் அறிமுகம் வேறு காரியத்துக்கு ஆகும். இந்த ஆண்டு திடல்களில் பெரும்பாலும் கிணற்று நிலம்தான். ஏழு மாதிரி ஒன்று பட்டியலில் இருந்தாலும் அது தாக்குப்பிடித்துக் காட்ட இடமே இல்லை.

இதையும் மேலதிகாரியிடம் சொன்னேன். "யாருப்பா உன்னை முன்னாடியே சொல்லச் சொன்னது?" என்றார். பதில் சொல்லியிருப்பேன். அன்று மாலைக்குள் திடல் பட்டியல் போயாக வேண்டும். கிணற்றுக்காரர்கள் பெயரையே எழுதி அனுப்பினேன்.