மரணத்தின் பங்கைப் பாடியவன்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளோ பரிசளிப்பு விழாக்களோ அல்ல, மண்டபத்து மூலையில் நின்ற பழைய பியானோவும் அதனருகே நான் பாடப் பழகிய 'மரணமும் மங்கையும்' என்ற சிறு பாடலுமே முதலில் நினைவுக்கு வந்தன.

ஜெர்மன் கவிஞர் மத்தியாஸ் கிளாடியுஸின் கவிதைக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1817இல், தமது 20ஆவது வயதில், இசையமைத்த பாடல் அது. 1824இல் இதே இசையை அவர் நரம்பிசை நால்வருக்கான படைப்பொன்றில் மீண்டும் எடுத்தாண்டார். அதைக் கொண்டாடுகிற பலர் மூலப்பாடலைக் கேட்டதேயில்லை என்பது என் பழைய மனக்குறை.

முதலில் பியானோ மட்டும் நெடில், குறில், குறில் என்று சவ ஊர்வலத்தின் நடையில் செல்கிறது. பிறகு மங்கை, தன்னைத் தொடாமல் விலகிப் போகும்படி பதறிக் கெஞ்சுகிறாள். தான் நண்பன் என்றும், தண்டிக்க வரவில்லை என்றும், தன் கைகளில் அவள் அமைதியாக உறங்கலாம் என்றும் மரணம் விடை சொல்கிறது. குரல் உடைந்து அதிக காலம் ஆகாத நான், அந்தப் பகுதியைப் பூதம்போல் உறுமினேன். ஆசிரியை கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தம்பி, யாரைப் பயமுறுத்தப் பார்க்கிறீர்? அது தூங்கவைக்க அல்லவா வந்திருக்கிறது!" என்றார்.

அதன்பின் ஒரு வாரம் சொற்களையே பாட விடவில்லை. மரணத்தின் முதல் வரி முழுவதும் 'டி' என்ற ஒரே சுரத்தில் நிற்பதால், அந்தச் சுரத்தை மட்டும் அசையாமல் பிடித்துப் பழகச் சொன்னார். வீட்டில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த என் தொண்டையோ, சும்மா நிற்கச் சொன்னால் தானாகவே ஒரு கமகத்தைப் போட்டுவிடும்.

'உறங்குவாய்' என்று முடியும் இடத்தில், பாடகர் விரும்பினால் கீழ் 'டி'க்கு இறங்கலாம். இயலாதவர்களுக்கு மேல் சுரமும் உண்டு. மேலேயே நின்றுகொள்ளும்படி ஆசிரியை சொல்லியிருந்தும், மேடையில் ஆசை மீறிக் கீழே இறங்கினேன். வெறும் காற்றுத்தான் வந்தது. அவர் திரும்பிப் பாராமல், தொடக்கத்தில் 'டி மைனர்' என்ற சோகம் தோய்ந்த சுரவரிசையில் வந்த அதே நடையை 'டி மேஜர்' என்ற தெளிந்த சுரவரிசையில் வாசித்து முடித்து, ஒலி முற்றாக அடங்கும்வரை மிதியிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார். மண்டபத்தில் எவரும் கைதட்டவில்லை. என் பாட்டு பிடிக்கவில்லை என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.