வானில் ஒன்பது பேர், ஒழுங்கையில் மூன்று பேர்

விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவது என்று இரவே பேசி வைத்திருந்தோம். நாலு மணிக்கு அம்மா மட்டும் குளித்து, விபூதி பூசி, வானுக்குள் ஏறி இருந்துவிட்டார். மற்ற எட்டுப் பேரும் ஏறி முடிய ஐந்தே கால். யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தி, டிரைவர் அண்ணை சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஒரு வழியாக ஏ9 வீதியைப் பிடித்தோம். சித்திரை விடுமுறையில் ஏழு நாள். திருகோணமலை, மட்டக்களப்பு, கதிர்காமம், பிறகு மலைநாடு ஏறி, கண்டியால் வீடு.

வானில் இடமில்லாமல் ஒழுங்கையில் விட்டுவந்த மூன்று பேரையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்றாக நடக்கப் போகிற கூட்டம் நாங்கள். ஒருவர் ரீச்சர் அக்கா. ஓய்வு பெற்றுவிட்டார், முதல் நியமனம் மட்டக்களப்பில். இன்னொருவர் மூலைவீட்டு அக்கா. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகவே போய் வந்தவர். மூன்றாவது, என்னோடு பள்ளியில் படித்த தோழி. அவளுடைய மாமி விழுந்து படுக்கையாகி ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் அவள் கிளிநொச்சியைத் தாண்டியதில்லை. நடக்க வருவதும் மாமி நித்திரையானால்தான்.

"போற இடமெல்லாம் படம் போட வேணும்" என்று மூன்று பேரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் ஆனையிறவில் வானை நிறுத்தச் சொல்லி, இரண்டு பக்கமும் தண்ணீர் சிவந்து கிடக்க, சூரியன் எழும்புவதை எடுத்துப் போட்டேன். என் போனில் இவ்வளவு வடிவான படம் வந்ததேயில்லை. ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். ஒருவர் ரோசாப் பூவோடு 'இனிய காலை வணக்கம்' போட்டார், அதுவும் யாரோ அவருக்கு அனுப்பியது. தோழியிடமிருந்து ஒன்றுமேயில்லை.

முறிகண்டியில் எந்த வாகனமும் பிள்ளையாருக்குச் சொல்லாமல் போகாது. நாங்களும் இறங்கித் தேங்காய் உடைத்தோம். கச்சான் (நிலக்கடலை) வாங்கும்போது கை பட்டு ஒரு குரல் பதிவு தானாகப் போய்விட்டது. அதில் தேங்காய் உடையும் சத்தம், கச்சான்காரியோடு அம்மா பேரம் பேசுவது, "ஆச்சி, வறுத்ததோ அவிச்சதோ?" என்று என் மகன் கேட்பது, அவ்வளவும் இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் தோழியின் பதில் வந்தது.

"எனக்குப் படம் வேண்டாமடி. றோட்டைச் சொல்லு. என்ன கடை கிடக்கு, என்ன மரம் நிக்குது, ஆர் என்ன கதைக்கினம், அதைச் சொல்லு. மாமிக்கும் போட்டுக் காட்டினனான். 'கச்சான் என்ன விலை?' எண்டு கேக்கிறா."

அதோடு படம் எடுப்பது குறைந்தது. நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய தலையிடி. முன் சீற்றில் இருந்துகொண்டு ஏழு நாளும் என் நேர்முக வர்ணனை கேட்டார், பாவம்.

வவுனியாவில் இடது பக்கம் திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. கோணேசர் கோயில், கடல், மான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் எல்லாம் எல்லோரும் எழுதியவை. கன்னியாவில் ஒவ்வொரு கிணற்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி என்பதை மட்டும் நானும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு வந்த என் மாமா ஏழிலும் அள்ளி ஊற்றிப் பார்த்து, எது சூடு கூட என்று என் மாமியோடு வாக்குவாதப்பட்டார். அதையும் அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை மட்டக்களப்புக்குப் போகிற கரையோர வீதி. இந்தத் துண்டு மூலைவீட்டு அக்காவுக்குச் சொந்தம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முதல் பாதையில் ஏற்றித்தான் வாகனங்களைக் கடத்துவார்கள். (பாதை என்றால் எங்களுக்கு மிதவை. இந்தியத் தமிழர்கள் குழம்ப வேண்டாம்.) நாங்கள் இரண்டு பாட்டுக் கேட்டு முடிக்க முதலே மூதூர் வந்துவிட்டது.

"வெருகல் வந்திட்டுதோ?" அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா, இன்னும் ஒரு மணித்தியாலம்."

"நாங்கள் அந்தத் துண்டை ரெண்டு நாள் நடந்தனாங்கள்."

பாத யாத்திரைக்காரர்கள் சந்நிதியில் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கடற்கரையோரம் இறங்கி, குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேருவார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் வெருகல் முருகன் கோயிலடியில் வானை நிறுத்தி, அக்கா சொன்ன மரநிழலைத் தேடி நின்றபோதுதான் அது தூரமாகப் பட்டது. அந்த நிழலில் இருந்து கொண்டுதான் அவர் பாதத்துக் கொப்புளங்களை ஊசியால் குத்தினாராம். அதே இடத்தில் யாரோ ஒரு முதியவர் முன்பின் தெரியாத அவருக்கு நல்லெண்ணெய் பூசிவிட்டாராம். இத்தனை வருடம் பக்கத்தில் நடந்திருக்கிறோம், இந்தக் கதையை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மரம் எதுவென்று எங்களால் பிடிக்க முடியவில்லை. மூன்று மரங்களையும் படம் எடுத்து அனுப்பினேன். "நடுவில நிக்கிறது" என்றார்.

மட்டக்களப்பில் ஆட்சி ரீச்சர் அக்காவுடையது. கல்லடியில் இப்போது இரண்டு பாலம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதியது. அந்தக் காலத்தில் ரீச்சர் பழைய பாலத்தால் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர். மீன் பாடுவதைக் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முழுநிலவு நாளில், சந்தடி அடங்கின பிறகு, வள்ளத்தில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் காம்பில் காதை வைத்தால் கேட்குமாம். பாடுவது மீன் இல்லை, ஊரி என்கிற சிப்பிவகைதான் என்று அங்கே சொல்பவர்களும் உண்டு. எங்களிடம் முழுநிலவும் இல்லை, வள்ளமும் இல்லை. பின்னேரம் ஆறு மணி, பாலம் நிறைய மோட்டார் சைக்கிள்.

"போனைத் தண்ணிக்குக் கிட்டப் பிடியும்" என்றார் ரீச்சர். கீழே இறங்கி ஒரு நிமிடம் பிடித்துப் பதிந்து அனுப்பினேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை.

"கேட்டுதோ ரீச்சர்?"

"கேட்டுது. ஆனா இது மீனில்லையம்மா, பாண்காரன்."

உண்மைதான். கரை வீதியில் ஓட்டோவில் பாண் விற்றவனின் பாட்டுத்தான் பதிவு முழுக்க. ரீச்சர் அதை அழிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். பின்னால் தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம் மெல்லியதாகக் கேட்குதாம், அது போதுமாம்.

கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை மேற்கே வயல், கிழக்கே கடல். பொத்துவிலில் மீன் குழம்போடு சோறு. அதற்குப் பிறகு வீதி உள்ளே திரும்பியது. நான் நித்திரையாகிவிட்டேன். கண் திறக்க மொனராகலை. அங்கே ஒரு கடையில் 'கீயத' என்று என் ஒரே சிங்களச் சொல்லால் வாழைப்பழத்தின் விலை கேட்டேன். கடைக்காரர் சுத்தமான தமிழில் சொல்லி, மேலதிகமாக இரண்டு பழம் வைத்து, "கதிர்காமமோ? இருட்ட முதல் போங்கோ" என்றார்.

அவர் சொன்னதில் காரியம் இருந்தது. புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் காட்டு வீதியில், வாகனங்களை மறித்துப் பழம் வாங்கிப் பழகிய யானைகள் நிற்கும். முதலாவது யானை வீதியோரம், சுங்க அதிகாரியைப் போல் நின்றது. டிரைவர் அண்ணை கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, வாழைப்பழத்தைச் சீற்றுக்குக் கீழே ஒளிக்கச் சொல்லி, நிறுத்தாமல் கடந்தார். பழம் கொடுக்கக் கொடுக்கத்தான் அதுகளுக்கு இந்தப் பழக்கம் என்று ஏசினார். என் மாமி கந்தசஷ்டி கவசம் தொடங்கிவிட்டார்.

அந்தக் காட்டுக்குள் சிக்னல் இல்லை. 'யானை' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டு நான் காணாமல் போயிருக்கிறேன். கதிர்காமம் போய்ச் சேர 23 செய்திகள். கடைசியில் மூலைவீட்டு அக்கா நேர்த்தி வைத்திருந்தார்.

மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். மூலஸ்தானத்தில் உருவம் தெரியாது, திரைதான். பூசை செய்வது கப்புறாளை என்கிற பூசகர். மணி அடித்தபோது போனை உயர்த்திப் பிடித்தேன். அது தோழியின் மாமிக்காக. கல்யாணம் முடித்த வருடம் மாத்தறை வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் கதிர்காமம் வந்தவராம் அவர். அன்றிரவு தோழி எழுதினாள்: "மாமி ரெண்டு தரம் போடச் சொன்னவ. இப்ப எவடத்தில நிக்கினம் எண்டு கேட்டபடி."

மலைநாட்டை ஓட்டமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டமாகத்தான் பார்த்தோம். வெல்லவாய தாண்டி ஏறும்போது இராவணன் அருவி வீதியோரத்திலேயே விழுகிறது. எல்லயில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். ஆளுக்கொரு வளைவு என்று மகன் பங்கு பிரித்தான், டிரைவர் அண்ணைக்கு மிஞ்சவில்லை. வளைவு வீதியில் தம்பியின் மனைவிக்குச் சத்தி, மூக்கடியில் தேசிக்காய். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், சித்திரையில் சனமோ சனம். எங்களுக்குக் கிடைத்த விடுதியின் படத்தில் சுடுதண்ணீர் ஆவி பறந்தது. குழாயில் ஐஸ்தான் வந்தது. அம்மா காலுறை போட்ட படத்துக்கு மட்டும் மூன்று பேரும் சிரித்துத் தள்ளினார்கள்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9, 321 கிலோமீற்றர். மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, தம்புள்ளையில் கரட்டும் லீக்சும் அள்ளிக்கொண்டு ஏறினோம். ஓமந்தை வந்ததும் ரீச்சர் எழுதினார்: "நிப்பாட்டாமல் வந்திட்டியளோ?" போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, வரிசையில் நின்ற இடம் அது. 2006இலிருந்து 2009 வரை இந்த வீதியே எங்களுக்கு இல்லை, கப்பலும் விமானமும்தான். பின் சீற்றில் பிள்ளைகள் போனில் விளையாடிக்கொண்டு ஓமந்தையைக் கடந்தார்கள்.

வந்த மறுநாள் பின்னேரம் விபூதியும் தொதலும் கொண்டு தோழி வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையில் கொழும்பிலிருந்து வந்த அவளுடைய நாத்தனார். "அங்கால றோட்டு எப்பிடி?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயெடுக்கத் தோழி தொடங்கிவிட்டாள். முறிகண்டிக் கச்சான், நடு மரம், பாண்காரன், யானை. உள்ளேயிருந்து மாமியும் இடைக்கிடை எடுத்துக் கொடுத்தார்.

"பொத்துவிலுக்குப் பிறகு மொனராகலை..." என்று நானும் ஒரு சொல் சேர்க்கப் பார்த்தேன்.

"இல்லை" என்றாள் தோழி. "முதல் லாகுகல, பிறகு சியம்பலாண்டுவ, அதுக்குப் பிறகுதான் மொனராகலை. லாகுகல குளத்தில ஏழு யானை நிண்டது. நீ அதில நித்திரை. உன்ரை மகள்தான் சொன்னவள்."