புது வாஷர் போட்டும் குழாய் சொட்டுகிறதா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றி, இரண்டு மாதத்தில் மறுபடி சொட்டினால் வாஷரைக் குறை சொல்லாதீர்கள். அது போய் அமர்கிற பித்தளை விளிம்பைப் பாருங்கள். சீட்டு என்பது அதைத்தான். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போய்விடும். குடிதண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கும் ஊர்களில் அது சின்ன நஷ்டமில்லை.

மூடியபின் குழாயின் வாயில் சொட்டினால் கோளாறு வாஷரில் அல்லது சீட்டில். திறந்திருக்கும்போது கைப்பிடி அடியில் கசிந்தால் கிளாண்டில், அதாவது கைப்பிடித் தண்டைச் சுற்றி நட்டுக்குள் இருக்கும் அடைப்பில். சிங்க் மேல் திரும்பும் வளைந்த கழுத்தின் அடியில் கசிந்தால் அங்குள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில். கால் சுற்றிலேயே மூடும் குழாயில் இந்த வாஷர் இருக்காது, உள்ளே திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். இங்கே சொல்வது பல சுற்று சுற்றி மூடும் குழாய்க்கு.

மாடித்தொட்டி கேட் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சிங்க் ஓட்டையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைக் கழற்றி, அது திருப்பும் தண்டான ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வைத்து, ஸ்க்ரூ ஸ்பேனரால் தலைப்பகுதியைத் திருகி எடுங்கள். மறு கையால் குழாயின் உடம்பை அழுத்திப் பிடிப்பது முக்கியம். பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த பழைய பைப் முறுக்கி உடையும், அப்புறம் சுவரை இடிக்க வேண்டியதுதான். இறுகிப்போயிருந்தால் வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வையுங்கள், சுத்தியலால் தட்ட வேண்டாம்.

பழைய வாஷரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அரை இஞ்ச் குழாய் என்று சொன்னால் மட்டும் போதாது, விட்டமும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடை பூட்டியிருந்தால் பழையதைப் புரட்டிப் போட்டு ஓரிரு நாள் ஓட்டலாம்.

இனி சீட்டு. விரலை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். சொரசொரப்பாக வெள்ளையாகப் படிந்திருப்பதை உப்பு என்கிறோம். பெரும்பாலும் அது சுண்ணாம்புப் படிவு. கடலுப்பாக இருந்தால் ஓடுகிற தண்ணீரிலேயே கரைந்திருக்கும். அந்தப் படிவின் முனைதான் ரப்பரை அறுக்கிறது. வினிகரில் நனைத்த துணியை விளிம்பில் 15 நிமிடம் அழுத்தி வைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பித்தளையில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே தண்ணீர் கசியும். நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் பிளம்பரிடம் இருக்கும் சீட் கட்டரால் இரண்டு மூன்று சுற்று தேய்த்துச் சமப்படுத்தலாம். பித்தளை செம்பு நிறத்துக்கு மாறி, பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேறு கதை: உவர்நீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, உலோகம் பஞ்சுபோல ஆகிவிட்டது. அதைத் தேய்க்காதீர்கள், குழாயையே மாற்றுங்கள்.

ஓ-ரிங்குக்கு வாசலின், எஞ்சின் கிரீஸ் எதுவும் வேண்டாம், சில வகை ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். கிளாண்ட் கசிந்தால் டெஃப்லான் டேப்பை நூலாகத் திரித்து ஸ்பிண்டிலைச் சுற்றி மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். பிறகு கசிவு நிற்கும்வரை மட்டும் கிளாண்ட் நட்டை முறுக்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் குழாயைத் திறந்தே வைத்து, கேட் வால்வை மெதுவாகத் திறங்கள். மண்ணும் துருவும் ஒரு நிமிடம் ஓடி வெளியேறட்டும். உடனே மூடினால் அந்த மண் புது வாஷரில் பதிந்துவிடும். அதன்பின் இரண்டு விரலால் மூடிப்பாருங்கள். அதிலேயே சொட்டு நிற்க வேண்டும்.