மணி பத்தரை ஆனால்

புதன்கிழமை இரவு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் பால் வாங்கப் போனேன். மணி 10:35. பியர் குளிர்பெட்டியின் கைப்பிடியில் சங்கிலி மாட்டியாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று, இரண்டு டின்னோடு கல்லாவில் நின்றது. "பூட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டோம்ண்ணே." கடைக்கார அண்ணன் தலையாட்டினார். "பத்தரை தாண்டிருச்சு தம்பி, பில் போட முடியாது."

2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுக்க இதுதான் சட்டம். இரவு 10:30 முதல் காலை 7 வரை கடையில் மது விற்கக் கூடாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. தேக்காவிலும் கேலாங் வட்டாரத்திலும் வார இறுதியில் இன்னும் கடுமை. குடியும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்ட 2013 டிசம்பர் 8 கலவரத்தை நேரில் பார்த்த தெரு இது. இங்கே குடியிருப்பவர்களின் தூக்கமும் முக்கியம், அதனால் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊர் பார்க்க வந்தவர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்? ஓட்டல் அறையில் ஒரு சின்ன அட்டை வைத்தால் என்ன? அந்தப் பெண் முகம் சுண்டிப்போனது எனக்கே கஷ்டமாக இருந்தது.

பார்களுக்கு உரிமத்தில் உள்ள நேரம்வரை தடையில்லை, விலைதான் கூடுதல். சரி என்று, ஆற்றங்கரையில் பார்கள் நிறைந்த கிளார்க் கீக்கு வழி சொன்னேன். ரயிலில் இரண்டாவது நிறுத்தம். கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.