அஞ்சு ரூபாய்க்கு என்ன வாங்கலாம்?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். உணவுப் பாடம் வந்தால் கார்போஹைட்ரேட், புரதம், வைட்டமின் என்று அந்த அட்டவணையைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள், அப்புறம் இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வாசல் கடைக்கு ஓடுவார்கள். சரி, அந்தக் கடையில் வாங்குவதையே பாடமாக எடுப்போம் என்று இந்த வருஷம் முடிவு செய்தேன்.

முதல் நாள் ஒரு அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி மேசையில் விரித்துப் போட்டேன். உள்ளே வெள்ளித் தகடு மாதிரி பளபளவென்று இருந்தது. அது பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒட்டிய படலம், பிரித்தெடுப்பது கஷ்டம், அதனால்தான் பழைய பேப்பர்காரர் கூட இதை எடுப்பதில்லை, நம் ஓடையில் போன வருஷம் கிடந்தது இந்த வருஷமும் அப்படியே கிடக்கிறது என்று சொன்னேன். ஒரு சிப்ஸை நோட்டுத்தாளில் வைத்து அழுத்தச் சொன்னேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்த் திட்டு கண்ணாடி மாதிரி தெரிந்தது, தாள் கைக்குக் கை போய் வந்தது.

அடுத்து குளிர்பானம். 250 மில்லி பாட்டில், 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. பிள்ளைகளே பெருக்கி 27.5 கிராம் என்றார்கள். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்று வைத்து, ஒரு பையன் டம்ளரில் போடப் போட வகுப்பே எண்ணியது, ஏழு வந்தது. பெரியவர்களுக்கே நாளுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை. அந்த ஏழு ஸ்பூனைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள், நான் பேசத் தேவையே இல்லை.

இதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். எது அதிக எடையோ அதை முதலில் எழுத வேண்டும், குறையக் குறைய வரிசையாக எழுத வேண்டும் என்பதுதான் விதி. அந்த வரிசையில் பாமாயில் இரண்டாவதாக இருந்தது. இந்தோனேசியா, மலேசியாவில் எண்ணெய்ப் பனைக்காகக் காடுகளை அழித்த கதையைச் சொன்னேன், அதை உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது நாம்தான் என்றும் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான், "டீச்சர், எங்க வீட்டுல ரேஷன்ல வாங்குறதும் அதுதான். அப்போ எங்கம்மா கெட்டதையா எங்களுக்குக் குடுக்காங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் அம்மா காலையில் ஆறரைக்கே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். கடையில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் விலையை அந்த 25 ரூபாயோடு ஒப்பிட்டாலே போதும், அந்த வீட்டில் ஏன் பாமாயில் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் வகுப்பில் நின்று சொன்னது அந்த அம்மாவைக் குறை சொன்னது மாதிரி அவன் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அது மனசை அறுத்தது.

மறுநாள் முதல் வேலையாக அவனையும் வகுப்பையும் பார்த்துப் பேசினேன். அம்மா ஒரு லிட்டரை மாதம் முழுக்க அளந்து அளந்து தாளிக்கிறார், அது சமையல். பாக்கெட்டில் இருப்பது நம் கண்ணுக்கே தெரியாமல் வயிற்றுக்குள் போகிற எண்ணெய். காட்டை அழித்தவர் உங்கள் அம்மா இல்லை. நாம் கையில் வைத்திருப்பது அஞ்சு ரூபாய், அந்த அஞ்சு ரூபாயை எங்கே கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் இந்தப் பாடம் என்றேன். பையன் தலையாட்டினான். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிற எல்லோருக்கும் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன், பிள்ளையின் வீட்டு அடுப்பை வகுப்பில் வைத்துக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். அந்தப் பின்பக்கம் முழுக்க ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. சட்டம் கட்டாயமாகக் கேட்பது அந்த இரண்டில் ஒன்றைத்தான், தமிழில் எழுதுவது கம்பெனியின் விருப்பம். விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வருகிறது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பாட்டி, இவர்கள் யாருக்கும் தாங்கள் தின்பது என்ன என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் நாங்களே ஒரு சார்ட் எழுதி ஒட்டியிருக்கிறோம். எண்ணெய், சர்க்கரை, சோடியம், மைதா, இந்த நாலு சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று மட்டும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு பெண் இந்தச் சார்ட்டை வைத்து, சிறுதானிய பிஸ்கட் என்று முன்னால் பெரிதாகப் போட்ட ஒரு பாக்கெட்டைப் பிடித்தாள். பின்னால் முதல் பெயரே மைதா.

சிறுதானியம் என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டுவந்து, மூடியைப் பாதி மட்டும் திறந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குடிப்பாள். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதாம். கம்பு விளைகிற கரிசக்காட்டிலேயே கம்பு குடிக்க வெட்கம்! ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எனக்கும் ஒரு டம்ளர் கேட்டேன். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ள, வெயிலுக்கு அப்படி இருந்தது. அவள் பாட்டியை அடுத்த வாரம் பள்ளிக்கு அழைத்தோம்.

பாட்டி உரலும் உலக்கையும் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டார். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, குத்தி, முறத்தில் புடைத்து உமியை ஊதினார், மறுபடி குத்தினார். பையன்கள் வரிசை கட்டி உலக்கை பிடித்தார்கள், பத்துக் குத்தில் கை வலிக்கிறது என்றார்கள். "இதைத் தின்னுதான் டீச்சரம்மா நாங்க களை வெட்டுனோம். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான்" என்றார். அதற்கு மேல் நான் சேர்த்தது கொஞ்சம்தான். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து, தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம் கூடக் கிடையாது. ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2500 லிட்டர் தண்ணீர் வயலுக்குப் போக வேண்டும், தேங்கி நிற்கிற வயலிலிருந்து மீத்தேன் வாயுவும் கிளம்புகிறது. கம்பு ரெண்டு மூணு மழையிலேயே வந்துவிடும். ஆனால் சோறு கெட்டது என்று சொல்லவில்லை. மத்தியானம் சத்துணவில் சோறும் முட்டையும்தான் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அன்றைய நல்ல சாப்பாடு, 1982-லிருந்து இந்த ஊர்களில் எத்தனையோ பேரைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்தது அந்தத் தட்டு. வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் கம்போ கேப்பையோ இருந்தால் போதும் என்றேன்.

வாசல் கடைக்கு வருகிறேன். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. புகார் எழுதலாம். எழுதவில்லை, அந்த அக்காவும் ரெண்டு பிள்ளையைப் படிக்க வைப்பவர். நேரே போய்ப் பேசினோம். "பிள்ளைக கேட்டா நான் வைக்கப் போறேன் டீச்சர்" என்றார். இப்போது முன்வரிசையில் அவித்த கடலை, நெல்லிக்காய், கொய்யா, பாட்டிலில் கடலைமிட்டாய். சிப்ஸ் சரம் இன்னும் தொங்குகிறது, பின்னால். கடலைமிட்டாயிலும் வெல்லம் இருக்கிறது, அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, ஒன்றோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

தட்டு கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி வேலியோரம் விட்டிருக்கிறோம். ரெண்டு முருங்கை, ஒரு பப்பாளி, கொஞ்சம் தண்டங்கீரை. புரட்டாசி மழை விழுந்ததும் அந்தப் பக்கம் ஒரு பாத்தி கம்பு போடப் போகிறோம், விதை பாட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். கதிர் பால் பிடிக்கும்போது குருவி வரும், விரட்ட யார் யார் எந்த நாள் என்று இப்போதே பெயர்ப் பட்டியல் போட்டுச் சண்டையும் ஆரம்பித்துவிட்டது.