எடுத்த டேங்குக்கே திரும்பிப் போகட்டும்

ரோட்டரி எஞ்சின் வைத்து விமானம் கட்டுகிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது ஏபெக்ஸ் சீல் பற்றித்தான், அதாவது ரோட்டரின் முனைகளில் இருக்கும் அடைப்புத் தகடு. "அது சீக்கிரம் தேய்ஞ்சுடுமாமே?" தேயும். பிஸ்டன் ரிங்கும்தான் தேய்கிறது. நான் வைக்கும் மாஸ்டா 13பி எஞ்சினுக்குள் சுற்றுகிற பெரிய உருப்படிகள் மொத்தமே மூன்று: இரண்டு ரோட்டர், ஒரு ஷாஃப்ட். வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. எஞ்சினை மாஸ்டா செய்தது, பெட்ரோல் லைனை நான் செய்கிறேன். இரண்டில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

(முதல் உலகப் போர்க்கால விமானங்களில் சிலிண்டர்களே சுற்றும் ஓர் எஞ்சின் உண்டு. அதற்கும் ரோட்டரி என்றுதான் பெயர். நான் சொல்வது மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 காரில் வந்த வாங்கெல் வகை, பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுற்றுவது.)

என் விமானம் ஆர்வி-7, கிட்டாக வாங்கி நாமே கட்டும் இரண்டு சீட் விமானம். இரண்டு இறக்கைகளின் முன்விளிம்பிலும் தலா 21 கேலன் டேங்க் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்). இறக்கை தாழ்வாக இருப்பதால் பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு இறங்காது, பம்ப் வேண்டும். வழக்கமான லைகமிங் விமான எஞ்சின் போட்டிருந்தால் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் மெக்கானிக்கல் பம்ப் ஒன்று, துணைக்கு ஒரு எலக்ட்ரிக் பம்ப் என்று முடிந்திருக்கும். 13பி-யில் அந்த வசதி இல்லை. இரண்டு பம்பும் எலக்ட்ரிக்தான். அதுவும் இன்ஜெக்டர்களுக்கு ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இடைவிடாமல் கொடுக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து நண்பன் போனில் கேட்டான்: "ஏன்டா, டேங்க்லருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய். இதுக்கா ஒரு வருஷமா உட்கார்ந்து படம் போட்டுட்டு இருக்க?"

ஒரு குழாய் என்றால் பரவாயில்லை. சிக்கல் இரண்டாவது குழாயில், அதாவது ரிட்டர்ன் லைனில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். டேக்-ஆஃபில் 180 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டரி ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு குடிக்கும். ஆக 90 பவுண்டு, கேலனுக்கு 6 பவுண்டு என்றால் 15 கேலன். நிதானமாகப் பறக்கும்போது 9 கேலன் போதும். ஆனால் பம்ப், எஞ்சின் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மணிக்கு 35 கேலனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மிச்சம் 26 கேலனை, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் திருப்பி அனுப்பும். அனுப்பினால், எங்கே?

இடது டேங்கில் எடுத்து வலது டேங்கில் விட்டால் 36 நிமிஷத்தில் இடது டேங்க் காலி. வலது டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் திரும்பி வருவதெல்லாம் வென்ட் என்ற காற்றுக் குழாய் வழியாக விமானத்தின் வயிற்றுக்கடியில் கொட்டும். பைலட் மடியில் மேப்பை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் டூப்ளெக்ஸ் செலக்டர் வால்வு. ஒரே கைப்பிடி, திருப்பினால் எடுக்கும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்து மாறும். விலை வலிக்கும்தான். இரண்டு தனி வால்வு போட்டு, இரண்டையும் ஞாபகமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதை விட்டுவிட்டேன். எஞ்சின் இருமும்போது யாருக்கும் இரண்டு விஷயம் ஞாபகம் வராது.

அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது ஒரு லாங்-ஈஸி விமானத்தில். வேறொருவர் கட்டியது. வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் செலக்டர் பைலட்டின் கால்களுக்கு இடையே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். டேங்க் மாற்ற உடம்பையே திருப்ப வேண்டும். அப்போது கால் தன்னையறியாமல் ரட்டர் (வால் சுக்கான்) பெடலை அழுத்திவிடும். விபத்து அப்படித்தான் நடந்தது என்பது, அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி அமைப்பின் முடிவு. என் வால்வு இரண்டு சீட்டுக்கும் நடுவே, தரையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்துவிட்டேன்.

சிலர் நடுவில் சின்னதாக ஒரு ஹெடர் டேங்க் வைத்து ரிட்டர்னை அதிலேயே விடுவார்கள். குழாய் வேலை பாதியாகக் குறையும். எனக்குப் பிடிக்கவில்லை. ரோட்டரியின் எக்ஸாஸ்ட் சூடு பிஸ்டன் எஞ்சினைவிட அதிகம். எஞ்சினை மூடும் கவுலிங்குக்குள் ஒரு சுற்றுப் போய்வந்த பெட்ரோல் கொதிப்போடுதான் திரும்பும். இரண்டு கேலன் ஹெடர் டேங்கில் அந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும். இறக்கை டேங்கில் விட்டால், அலுமினியத் தகடு வழியாக வெளிக்காற்றே ஆற்றிவிடும். ரிட்டர்ன் குழாயின் வாய் மட்டும் உறிஞ்சுமிடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குமிழியைப் பம்ப் மறுபடி இழுக்கும். இதை டேங்க் மூடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். மூடுவது புரோசீல் என்ற கறுப்புப் பசையால். அது கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், எப்படி என்றே தெரியாமல் கார் ஸ்டீயரிங்கிலும் ஒட்டும். ஒட்டிய டேங்கை மறுபடி பிரிக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

பம்ப் இருக்குமிடம் அடுத்தது. ஊரில் கிணற்று மேட்டில் மோனோபிளாக் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பம்ப் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளும், இழுக்கத்தான் தெம்பு கிடையாது. கார் பம்பைக் கொண்டுபோய் எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் சூடான ஃபயர்வாலுக்கு முன்னால், உயரத்தில் வைத்தால், உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் அங்கேயே ஆவியாகும். என் இரண்டு பம்பும் கேபினுக்குள், தரையோடு தரையாக, டேங்க் மட்டத்துக்குப் பக்கத்தில். உறிஞ்சும் பக்கத்தில் முழங்கை ஃபிட்டிங் ஒன்றுகூட இல்லை. குழாயையே மெல்ல வளைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் ஃபில்டரும் பெரிய கண்ணுள்ளது. 10 மைக்ரான் ஃபில்டர் பம்புக்கு அப்புறம்தான்.

நான் ஊற்றப்போவது பங்கில் கிடைக்கும் 87 ஆக்டேன் ரெகுலர். ரோட்டரிக்கு அதுவே தாராளம். ஏவியேஷன் பெட்ரோலின் ஈயம் பிளக்கில் படிவதுதான் மிச்சம். ஆனால் அமெரிக்காவில் குளிர்காலப் பெட்ரோலும் கோடைப் பெட்ரோலும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் எளிதில் ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஆவி அழுத்தத்தைக் கூட்டியிருப்பார்கள், 13 பிஎஸ்ஐ-க்கு மேலும் போகும். ஏவியேஷன் பெட்ரோலில் அது 7-ஐ ஒட்டி நிற்கும். இந்த அளவுகள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எடுத்தவை. 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தமே 10 பிஎஸ்ஐ-தான். பிப்ரவரியில் நிரப்பி டேங்கில் மறந்த பெட்ரோலோடு, டெக்சாஸில் திடீரென்று சுட்டெரிக்கும் ஓர் ஏப்ரல் மதியம் கிளம்பினால், பம்ப் இழுக்காமலே அது மேலே கொதிக்கலாம். எத்தனால் வேறு 10 சதவீதம் கலந்திருக்கும். ஓ-ரிங், ஹோஸ் எல்லாம் அதைத் தாங்குகிற ரகமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஏபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் வேண்டும். சீலுக்கு மட்டும் ஆயில் ஊட்டும் சின்னப் பம்பைக் கழற்றிவிட்டு (மெயின் ஆயில் பம்பை அல்ல) டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலப்பது வழக்கம், கேலனுக்கு ஓர் அவுன்ஸ். முதலில் ஆயில், மேலே பெட்ரோல், தானாகக் கலந்துவிடும்.

மின்சாரம் தனிப் பதிவுக்கான விஷயம். இரண்டு பம்புக்கும் தனித்தனி வயர், தனித்தனி ஃபியூஸ், தனித்தனி எர்த் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் ஃப்ளோ டெஸ்ட், அதாவது பெட்ரோல் தேவையான அளவு வருகிறதா என்று பார்ப்பது. 2012-இல் என்டிஎஸ்பி, வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்து, பறக்கும் முன் பெட்ரோல் சிஸ்டத்தைச் சோதித்து அறிக்கை தரச் சொல்லுங்கள் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வுக்குப் பரிந்துரைத்தது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது. பம்ப் வைத்த சிஸ்டத்துக்கு, டேக்-ஆஃப் தேவையில் 125 சதவீதம் வர வேண்டும். எனக்கு அது மணிக்கு 19 கேலன்.

முன்சக்கரங்களை மரச் சரிவில் ஏற்றி, மூக்கைச் செங்குத்தான ஏற்றத்துக்குத் தூக்கி வைத்தேன். ஆல்டர்னேட்டர் செத்த நிலைமைதான் மோசமான நிலைமை என்பதால் சார்ஜர் இல்லாமல் வெறும் பேட்டரி. வோல்ட் குறைந்தால் பம்பும் குறைத்துத்தான் தள்ளும். எஞ்சின் ஓடாதபோது எல்லாமே ரிட்டர்னில் வரும் என்பதால், அந்தக் குழாயைக் கழற்றி கேனில் விட்டால் போதும். ஒரு பம்ப், 40 பிஎஸ்ஐ, 5 நிமிஷம்: கேனில் 11 லிட்டர். தேவை 6 லிட்டர்.

பக்கத்து ஹேங்கர் பெரியவர், ஏர்லைன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் காலியாகும் வரை ஓட்டு. காற்று உள்ளே போனால் என்ன ஆகிறது என்று பார்த்தாயா?" என்றார்.

குழாயைக் கேனிலேயே விட்டு, இடது டேங்க் காலியாகும் வரை ஓட்டினேன். கேஜ் ஊசி முதலில் நடுங்கியது, பிறகு ஒரேயடியாக விழுந்தது. இரண்டாவது பம்பைப் போட்டு, செலக்டரை வலது டேங்குக்குத் திருப்பினேன். நான்கைந்து வினாடியில் ஊசி 40-க்கு வந்துவிட்டது. ரிட்டர்ன் லைன் இருப்பதால் உள்ளே போன காற்று அந்த வழியே ஓடிவிடுகிறது. அது இல்லாவிட்டால் இன்ஜெக்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கும். பெரியவர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். காலியான டேங்கின் அடியில் மிஞ்சிய பெட்ரோலை வடித்து அளந்து, பேனலில் ஒட்டும் ஸ்டிக்கருக்குக் குறித்துக்கொண்டேன். அடுத்த வேலை, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃப்யூல் ரெயிலுக்குக் குளிர்காற்று கொண்டுவரும் டக்ட்.